ஆல் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் நகரியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. அதனால் எங்கள் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, வகுப்பில் ஆங்கிலம். இப்படி மூன்று பாஷையில் புழங்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அதற்கு ஒரே ஒரு சின்னச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். 'வித்' என்ற சொல்.

மாங்காய் சீசனில் ஒரு நாள், அன்று வீட்டில் செய்த வேலையைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு பையன் 'ஐ கட் த மேங்கோ பை அ நைஃப்' என்று எழுதியிருந்தான். 'வித் அ நைஃப்' என்று வர வேண்டும். ஏன் 'பை' போட்டாய் என்று கேட்டேன். "கத்தியால்தானே டீச்சர் நறுக்கினேன்? ஆல் என்றால் பை" என்றான். அவன் மனப்பாடம் செய்த சொற்பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

சரி, அதையே தெலுங்கில் சொல் என்றேன். 'கத்திதோ கோசானு' என்றான். அப்புறம், 'இந்தப் படம் ரவியால் வரையப்பட்டது' என்பதைத் தெலுங்கில் சொல்லச் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, 'ரவி சேத' என்று ஆரம்பித்தான். அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். கத்திக்குத் 'தோ', ரவிக்குச் 'சேத'. கரும்பலகையில் தோவுக்கு நேரே வித், சேதவுக்கு நேரே பை என்று எழுதினேன். அதற்குப் பிறகு இந்த இடத்தில் அவன் தடுமாறி நான் பார்க்கவில்லை.

இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நம் இலக்கணத்திலேயே பதில் இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்கு உருபு ஆல், ஆன், ஒடு, ஓடு என்றும், பொருள் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்றும் நன்னூல் சொல்கிறது. எதைக்கொண்டு செய்தோமோ அது கருவி. யார் செய்தாரோ அவர் கருத்தா. யாரோடு சேர்ந்து செய்தோமோ அது உடனிகழ்ச்சி. இன்றைய தமிழில் கருவிக்கும் கருத்தாவுக்கும் ஆல், கூட வருபவருக்கு ஓடு. ஆங்கிலம் வேறு இடத்தில் கோடு போடுகிறது. அங்கே கருத்தா மட்டும் பை. கருவியும் கூட வருபவரும் வித். பேச்சுத் தெலுங்கிலும் பெரும்பாலும் அப்படித்தான்: கத்திதோ நறுக்கினேன், அன்னதோ போனேன், இரண்டுக்கும் தோ. நம் பையன் செய்த தப்பு தமிழின் கோட்டை ஆங்கிலத்தில் போட்டதுதான். அவனுக்குத் தெரிந்த தெலுங்கே அதைத் திருத்திக்கொடுத்தது.

கை உடைந்தால் எங்கள் பக்கத்தில் புத்தூர் கட்டுக்குப் போவார்கள். உடைந்த கை வைத்தியரால் மூங்கில் தப்பையால் கட்டப்பட்டது என்று தமிழில் சொன்னால் இரண்டு ஆல் வருகிறது. ஆங்கிலத்தில் வைத்தியருக்குப் பை, தப்பைக்கு வித். இந்த ஒரு வாக்கியத்தை நான் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். எல்லோர் வீட்டிலும் யாராவது ஒருவர் அந்தக் கட்டுப் போட்டிருப்பார், அதனால் மறப்பதில்லை.

இதில் ஒரு விலக்கு உண்டு. கைத்தறிச் சேலையை 'வோவன் பை ஹேண்ட்' என்கிறார்கள். கை கருவிதானே, ஏன் பை என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. அங்கே ஹேண்ட் என்ற சொல் தனியாக நிற்கிறது. அது யாருடைய கையையும் குறிக்கவில்லை, நெய்த முறையைச் சொல்கிறது. பை பஸ், பை போஸ்ட் எல்லாம் அந்த ரகம். அதே சேலையை நெய்த அம்மா 'என் இரண்டு கையால் நெய்தேன்' என்று சொன்னால் 'வித் மை ஓன் ஹேண்ட்ஸ்' ஆகிவிடும். முன்னால் அ, த, மை போன்ற சொல் வந்து பொருளைச் சுட்டினால் கருவிக்கு வித்.

தோ கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன. கண்ணாடி போட்ட பையன், ஓடு போட்ட வீடு, சர்க்கரை போட்ட டீ. இங்கே நமக்கு ஒரு வினை தேவைப்படுகிறது. ஆங்கிலம் அந்தப் 'போட்ட'வை விட்டுவிட்டு, பையனை முன்னால் வைத்து 'அ பாய் வித் கிளாசஸ்' என்கிறது. சர்க்கரை போடாத டீ என்றால் 'விதவுட்'. போட்ட, வைத்த, உள்ள என்று தமிழில் வரும்போது ஒரு தடவை வித் போட்டுப் பாருங்கள், பல இடத்தில் பொருந்தும்.

கோபம் வேறு கதை. தமிழில் என் மேல் கோபம், தெலுங்கிலும் நா மீத கோபம். 'மேல்' என்பதற்காகப் பிள்ளைகள் 'ஆங்க்ரி ஆன் மீ' என்று எழுதுகிறார்கள். 'ஆங்க்ரி வித் மீ' என்பதே சரி. வித் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'எதிரே', 'எதிர்த்து' என்று பொருள். கூட என்பதற்கு அப்போது 'மிட்' என்று வேறு சொல் இருந்தது. பிரசவம் பார்க்கும் 'மிட்வைஃப்' என்ற பெயரில் அந்த மிட் இன்னும் உயிரோடு இருக்கிறது: பெண்ணோடு இருப்பவள் என்று அர்த்தம். எதிர்த்து நிற்பதைச் சொல்லும் 'வித்ஸ்டாண்ட்' என்ற சொல்லில் பழைய வித் இருக்கிறது. சண்டை, வாக்குவாதம் இவற்றோடு வித் வருவதிலும் அந்த வாடை உண்டு. கோபத்தையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. சத்தியவேடு பக்கத்திலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'ஐ லிவ் இன் மை ஆன்ட் ஹவுஸ்' என்றாள். புரிகிறது, ஆனால் 'ஐ லிவ் வித் மை ஆன்ட்' என்றால் போதும், வீடு என்றே சொல்ல வேண்டாம் என்றேன். அவள் அதை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "அத்ததோ உன்டானு, அவ்வளவுதானே டீச்சர்?" என்றாள். ஆமாம் என்றேன்.

வணக்கம்.