க்யூ வந்தா யூ-வ தேடாதீங்க மக்களே!

வணக்கம் மக்களே, எழுத்து போட்ட டைல்ங்கள போர்டுல அடுக்கி இங்கிலீஷ் வார்த்தை அமைக்கிற ஆட்டம் இருக்குல்ல, ஸ்க்ராபிள், இன்னைக்கு அது பத்தி தான் பேசப்போறோம், அதுலயும் ஒரே ஒரு எழுத்து பத்தி மட்டும். இருங்க கேமரா கிட்ட கொண்டு வரேன்... தெரியுதா? க்யூ. ஓரத்துல குட்டியா 10-னு போட்டிருக்கு பாருங்க. மொத்தம் 100 டைல்ல இது ஒண்ணே ஒண்ணு தான், இதே மாதிரி 10 பாயிண்ட் உள்ள இன்னொரு எழுத்து இசட். இசட் வந்தா எல்லாருக்கும் வாயெல்லாம் பல்லு, க்யூ வந்தா மட்டும் மூஞ்சிய தொங்கப் போட்டுட்டு யூ வருமா யூ வருமான்னு காத்துட்டே இருப்பாங்க. அந்த யூ, டைல் எடுக்குற பை முழுக்க நாலே நாலு தாங்க இருக்கு! ஆனா ஏ ஒன்பது இருக்கு, ஐ ஒன்பது இருக்கு, அப்போ எத நம்பி ஆடணும் நீங்களே சொல்லுங்க.

ஆட்டம் முடியும்போது க்யூ உங்க கையிலயே தங்கிடுச்சுன்னு வைங்க, உங்க ஸ்கோர்ல 10 போகும், யாரு முதல்ல டைல காலி பண்ணாங்களோ அவங்களுக்கு அதே 10 ஏறும், ஆக மொத்தம் 20 பாயிண்ட் இடைவெளி. அதனால யூ இல்லாத க்யூ வார்த்தைங்கள தெரிஞ்சு வச்சிக்கிட்டே ஆகணும். நான் இப்போ சொல்றது எல்லாமே காலின்ஸ்ங்கிற செல்லுபடியாகுற வார்த்தைங்க லிஸ்ட்ல இருக்கிறது, இன்டர்நேஷனல் டோர்னமெண்ட்ல யூஸ் பண்றது அது தான். வீட்ல ஆடுறப்போ எந்த டிக்ஷனரின்னு ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பேசி வச்சிடுங்க, இல்லன்னா சண்டை தான்.

முதல்ல இந்த யூ ஏன் ஒட்டிக்கிட்டே திரியுதுன்னு பாத்துடலாம். பழைய இங்கிலீஷ்ல குவீன்ங்கிறத சி, டபிள்யூ, இ, என்-னு தான் எழுதினாங்க, க்யூவே கிடையாது. 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்த பிடிச்சப்புறம் பிரெஞ்சு வழக்கத்துல எழுதுறவங்க கை ஓங்கிடுச்சு, கொஞ்சம் கொஞ்சமா அந்த சி டபிள்யூ போயி க்யூ யூ வந்துடுச்சு. அப்போ யூ இல்லாம க்யூ வருதுன்னாலே அது பெரும்பாலும் வெளியில இருந்து வந்த வார்த்தை, அதுலயும் அரபி தான் நிறைய. அரபில தொண்டைக்குள்ள இருந்து வர்ற 'காஃப்'னு ஒரு எழுத்து, சாதாரண 'கஃப்' வேற, அது வேற, அந்த வித்தியாசத்த காட்டத்தான் இங்கிலீஷ்ல க்யூ போடுறாங்க.

இப்போ கவனிங்க, இதுல பாதி நமக்கு ஏற்கனவே தெரிஞ்சது! பக்கிரின்னு சொல்றோம்ல, அது தான் எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர். ரம்ஜான் பிறை தெரிஞ்சுதான்னு தலைமை காஜி அறிவிப்பாரே, அந்த காஜி தான் க்யூ, ஏ, டி (D), ஐ. வக்ஃபு வாரியம்னு நியூஸ்ல தினமும் கேக்குறோம், டபிள்யூ, ஏ, க்யூ, எஃப். தலாக் வார்த்தையில க்யூ கடைசில வரும், நிகாப்ல நடுவுல வரும். தமிழ்ல எல்லாத்துக்கும் ஒரே 'க' போட்டுட்டதால நமக்கு அந்த க்யூ காதுல விழல, அவ்ளோ தான். மனப்பாடமே வேணாம் இதுக்கு!

க்யூ, ஏ, டி (T) போட்டா ஏமன்ல வாயில அடக்கி மெல்லுற இலை, நம்ம ஊரு வெத்தல மாதிரி ஆனா போதை உண்டு. க்யூ, ஏ, என், ஏ, டி (T)-ன்னா ஈரான்ல மலையடிவாரத்துல இருந்து நிலத்தடி தண்ணிய பம்பு கிம்பு எதுவும் இல்லாம சரிவுலயே ஊருக்கு கொண்டு வர்ற சுரங்கக் கால்வாய், 2016-ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேத்தாங்க. அரபி இல்லாததும் இருக்கு, க்யூ, ஓ, பி, எச்-னு ஹீப்ரு எழுத்து ஒண்ணு, இங்கிலீஷ் க்யூவுக்கே தூரத்து சொந்தம். கீபோர்ட் மேல் வரிசை இருக்குல்ல, க்யூல ஆரம்பிச்சு ஒய் வரைக்கும் அப்படியே ஆறு எழுத்தையும் வைங்க, செல்லும்! கத்தார், ஈராக் எல்லாம் வைக்காதீங்க, ஊர் பேரு செல்லாது.

சரி, இப்போ தான் மெயின் மேட்டர். க்யூ, ஐ. ரெண்டே எழுத்து. சீனாவுல உடம்புக்குள்ள ஓடுற உயிர்சக்திக்கு சொல்றது. அமெரிக்க லிஸ்ட்ல 2006-ல தான் இத சேத்தாங்க, என்னைக் கேட்டா மொத்த லிஸ்ட்லயும் காசு குடுக்குற வார்த்தை இது ஒண்ணு தான். போர்டுல எழுத்தோட பாயிண்ட்ட மூணு மடங்காக்குற ட்ரிபிள் லெட்டர் கட்டம் ஒண்ணு காலியா இருந்து, அதுக்கு வலது பக்கமும் ஒரு ஐ, கீழயும் ஒரு ஐ வர்ற மாதிரி அமைஞ்சா, க்யூவ அந்த மூலையில வைங்க. 30 பிளஸ் 1, அது 31, குறுக்க ஒரு தடவ நெடுக்க ஒரு தடவ, மொத்தம் 62! ரெண்டு எழுத்து வார்த்தைக்கு 62 பாயிண்ட், எதிர்ல இருக்கிறவர் முகத்த பாக்கணுமே அப்போ.

அர்த்தம் தெரியாம வைக்கலாமான்னு சில பேருக்கு மனசு உறுத்தும். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசவே தெரியாம 2015-ல பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலக சாம்பியன் ஆனாரு, அதனால தாராளமா வைங்க.

கடைசியா ஒரு கணக்கு. கையில எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர், ஏ, டி (T), ஏழும் இருக்கு. பக்கிரி வச்சா 17. ஆறு எழுத்துல சூஃபி வழின்னு அர்த்தம் வர்ற டி (T), ஏ, ஆர், ஐ, க்யூ, ஏ வச்சா 15 தான், ஏன்னா 4 பாயிண்ட் எஃப் கையிலயே நின்னுடும். வெறும் க்யூ ஐ 11. இதெல்லாம் பாயிண்ட்ட பெருக்குற கலர் கட்டம் எதுவும் இல்லாம. நீங்களா இருந்தா எத வைப்பீங்க? நான் முதல்ல போர்டுல அந்த ட்ரிபிள் லெட்டர் கட்டம் காலியா இருக்கான்னு தான் பாப்பேன். வரேன் மக்களே, டாட்டா!