காடு ஏன் கறுத்தது?

நண்பர்களே, வணக்கம்.

சுவிட்சர்லாந்தின் கிறிஸ்தவ அமைப்பான பேசல் மிஷன் என்றதும் நமக்கு மங்களூர் ஓடு ஞாபகம் வரும். அதே மிஷன் 1828லேயே கோல்டு கோஸ்டில், இன்றைய கானாவில், கால் வைத்துவிட்டது. 1860 வாக்கில் அதன் ஊழியர் வில்ஹெல்ம் லோக்கர் அங்கே புகைப்படம் எடுத்தார். அந்தக் காலப் படங்களில் காடு கறுத்துக் கிடக்கும். ஏன் என்று பார்ப்போம்.

அன்று ஈரத்தகடு முறைதான். கண்ணாடியில் ஈதர் கலந்த கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, தகட்டை மெல்லச் சாய்த்து நான்கு மூலைக்கும் ஓடவிட வேண்டும். அப்புறம் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, கையோடு இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். அந்த வெக்கையில் ஈதர் எவ்வளவு சீக்கிரம் ஆவியாகும், யோசித்துப் பாருங்கள். காட்டுப்பகுதியில் நோய் பரப்பும் ட்செட்சே ஈயால் குதிரையும் மாடும் பிழைக்காது. ஆகவே கண்ணாடி, மருந்துப் புட்டி, கூடாரம் எல்லாமே உள்ளூர் ஆட்களின் தலைச்சுமை. அவர்கள் பெயரைப் படத்தடியில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

சரி, காட்டுக்கு வருவோம். அந்தத் தகட்டுக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். பச்சையும் மஞ்சளும் சிவப்பும் சரியாகப் பதியாது. அதனால் வானம் மேகமே இல்லாமல் வெளுத்துப்போகும். கோல்டு கோஸ்டின் அக்குவாப்பெம் மலையின் தளிர்ப்பச்சை, வாழைப்பச்சை, பாசிப்பச்சை எல்லாம் ஒரே கரியாக அப்பிக்கொள்ளும். ஐரோப்பாவில் அதைப் பார்த்தவர்கள் ஆப்பிரிக்கா 'இருண்ட கண்டம்' என்ற பேச்சுக்குச் சாட்சி கிடைத்ததாக நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. அதே தகட்டில் சுவிட்சர்லாந்தின் பைன் காடும் கறுப்பாகத்தான் விழுந்தது. அதை யாரும் இருண்ட நாடு என்று சொல்லவில்லையே!

அதே மிஷனின் இன்னொரு ஊழியர் ஃபிரிட்ஸ் ராம்சையர். 1869இல் அந்தப் பகுதியின் அசாந்தே அரசின் படை அவரைக் குடும்பத்தோடு சிறைபிடித்தது. கைக்குழந்தை வழியிலேயே இறந்தது. 1874இல்தான் விடுதலை. ஆனாலும் திரும்பிப் போனார், பின்னாளில் கேமராவும் கையுமாக. அவருடைய காட்டுப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழந்தையின் நினைவு எனக்கு வராமல் போவதில்லை.

மிஷனின் படங்கள் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. பழைய தகட்டுப் படம் ஏதாவது கண்ணில் பட்டால் நடுவில் நிற்கும் மிஷன் வீட்டை விடுங்கள், ஓரத்துத் தென்னையைப் பாருங்கள். அடிமரம் தெளிவாக இருக்கும், கீற்று மட்டும் புகைபோலக் கலைந்திருக்கும். தகட்டில் ஒளி விழுந்த அந்தச் சில நொடிகளில் அங்கே காற்று அடித்திருக்கிறது.