உப்புக் காற்றிலும் மணலிலும் ஓட வேண்டிய பேட்டரி வீல்சேர்

(காட்சி: பாம்பன் தெரு. மணலில் பாதி புதைந்த முன்சக்கரம்.)

இந்தச் சின்ன முன்சக்கரம் ஆஸ்பத்திரித் தரையில் அழகாகத் திரும்பும். தங்கச்சிமடத்து மணலில் இரண்டு விரல் ஆழம் இறங்கினால் போதும், நின்றுவிடும். பின்சக்கரம் அதே இடத்தில் சுற்றிக் குழி பறிக்கும். மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்க, கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள மோட்டாரை நிறுத்தும். வீட்டில் "பேட்டரி போச்சு" என்பார்கள். போனது பேட்டரி இல்லை. சக்கரம்தான் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை.

மணலுக்குக் காற்றுக் குறைந்த அகல டயர் நல்லது. ஆனால் ராமநாதபுரத்தில் சீமைக்கருவேல முள் இல்லாத பாதை எது? அதனால் உள்ளே ஃபோம் நிரப்பிய அகல டயர், முன்சக்கரம் 8 அங்குலத்துக்குக் குறையாமல். எடையும் குலுக்கலும் கூடும். இருக்கை மெத்தையில் அதைச் சரிக்கட்ட வேண்டும். இதுவும் தெரு மணலுக்குத்தான். தனுஷ்கோடி மணல்வெளிக்குப் பலூன் போன்ற பெரிய சக்கரங்கள் கொண்ட தனி நாற்காலி வேண்டும்.

(காட்சி: பின்புறம், மோட்டார் அருகே இரண்டு லிவர்கள்.)

சிக்கிய வண்டியைத் தள்ளப்போவது யார்? இந்தக் கேள்வியோடுதான் வடிவமைப்பைத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வண்டி மட்டும் 100 கிலோ வரை இருக்கும். ஆண்கள் கடலுக்குப் போன இரவில் பக்கத்தில் இருப்பது வயதான அம்மாவாக இருக்கலாம். மோட்டாருக்கு மின்சாரம் வராதபோது அதன் பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளும். லிவரைத் திருப்பினால்தான் சக்கரம் உருளும். அந்த லிவர் மண்டியிட்டுத் தேடும் இடத்தில் இருக்கக் கூடாது. நின்றபடியே கைக்கு எட்ட வேண்டும், கண்ணைப் பறிக்கும் நிறத்தில். ஒரு எச்சரிக்கை: லிவரைத் திருப்பியதும் பிரேக் கிடையாது. சரிவில் தொடவே கூடாது.

உட்கார்பவர் வண்டியை ஓட்டுவது ஜாய்ஸ்டிக் என்ற சின்னக் கைக்குச்சியால். பின்னால் கைப்பிடி உயரத்தில், துணைக்கு நிற்கும் அம்மாவுக்கென்று இரண்டாவது ஜாய்ஸ்டிக் வையுங்கள். கைதாங்கி மேலே மடங்கட்டும். இருக்கையின் உயரம், மெத்தையோடு சேர்த்து அளந்த கட்டிலின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் தூக்காமல் நகர்த்தி மாற்றலாம். அம்மாவின் இடுப்பு தப்பும்.

உட்கார்பவருக்குக் கை நடுங்கினால் வேகத்தை மட்டும் குறைத்துப் பயனில்லை. கிளம்பும் வேகத்தையும் திரும்பும் வேகத்தையும் தனித்தனியாகத் தணித்து, ஜாய்ஸ்டிக் சின்ன அசைவுகளைப் பொருட்படுத்தாதபடி கன்ட்ரோலரில் அமைக்க வேண்டும். அதையும் அவர் வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்துச் செய்யுங்கள்.

(காட்சி: பச்சை பூத்த கனெக்டர்.)

உப்பு ஈரத்தை இழுக்கும். செம்பு முனையில் பச்சை பூக்கும், மின்சாரம் விட்டு விட்டு வரும். கனெக்டரைக் காயவைத்துத் துடைத்து, மின் இணைப்புக்கான கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஹோஸ் வைத்துக் கழுவாதீர்கள். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணி போதும். ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் அன்றே மாற்றுங்கள். உப்பும் மணலும் உள்ளே போனால் ஜாய்ஸ்டிக் நடுநிலைக்குத் திரும்பாது. சுவிட்ச் போட்டதும் வண்டி பிழை காட்டி நின்றுவிடும்.

பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட் இரண்டு, தொடராக இணைத்து 24 வோல்ட். ஈய-அமில வகையைச் சார்ஜ் இறங்கிய நிலையில் கிடக்கவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறையும். கொஞ்சம் ஓடியிருந்தாலும் இரவில் சார்ஜ் போடுங்கள்.

(காட்சி: வாசற்படி, அளவு நாடா.)

கடைசியாக வாசல். சரிவு 1-க்கு 12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். மழைத் தண்ணீருக்குப் பயந்து 45 செ.மீ. உயர்த்திக் கட்டிய வீட்டுக்கு 540 செ.மீ. நீளச் சரிவு வேண்டும். தெருவில் அவ்வளவு இடம் இருக்காது. சுவரை ஒட்டி மடக்கிக் கட்டுங்கள். மடங்கும் இடத்தில் 150-க்கு 150 செ.மீ. சமதளம் விடுங்கள். இரு ஓரமும் சின்னக் கட்டை எழுப்புங்கள். முதலில் நழுவி விழுவது, தொடக்கத்தில் பார்த்த அந்தச் சின்ன முன்சக்கரம்தான்.