சொந்த கண்டெய்னர் ரெஜிஸ்ட்ரி: அழித்தும் நிறையும் வட்டு

(திரையில்: இமேஜ் ஒன்று இறங்கத் தொடங்குகிறது. பாதியில் 429 என்ற பிழைச் செய்தி.)

வணக்கம். ஒரு செயலியையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதிதான் இமேஜ்; அது ஓடும்போது கண்டெய்னர். இமேஜ்களை இணையத்தில் வைத்துப் பகிரும் டாக்கர் ஹப் 2020 நவம்பரில் ஒரு வரம்பு வைத்தது. உள்நுழையாமல் எடுப்பவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 இமேஜ்கள்தான். இந்த எண்ணிக்கை ஆளுக்கு அல்ல, ஐபி முகவரிக்கு. இருபது பேர் ஒரே இணைப்பில் வேலை செய்யும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அது தீர்ந்துவிடும். நாமே கட்டிய இமேஜ்களையாவது நம் சர்வரிலேயே வைத்துக்கொள்வோம்.

(திரையில்: கண்டெய்னரை எப்படி ஓட்டுவது என்று எழுதி வைக்கும் டாக்கர் கம்போஸ் கோப்பு.)

இமேஜ்களை வைக்கும் கிடங்கே ஒரு கண்டெய்னர்தான். அந்தக் கிடங்கை ஓட்டும் இமேஜின் பெயர் ரெஜிஸ்ட்ரி. இந்த வீடியோவில் 2 என்ற டேக்கை, அதாவது பதிப்பு அடையாளத்தை, பயன்படுத்துகிறேன். போர்ட் 5000. அதற்கு முன்னால் 127.0.0.1, அதாவது இந்தச் சர்வருக்குள் மட்டும், என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டால் லினக்ஸின் நெட்வொர்க் விதிப்பட்டியலான ஐபிடேபிள்ஸில் டாக்கர் தானாகவே விதி எழுதிவிடும். நீங்கள் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் போட்டு வாசலைப் பூட்டியிருந்தாலும் கொல்லைப்புறம் திறந்து கிடக்கும்.

அடுத்த வரி வால்யூம், கண்டெய்னருக்கு வெளியே தரவு தங்கும் இடம். அதைப் பெயரிட்டு இணைக்காவிட்டால், கண்டெய்னரை நீக்கி மறுபடி எழுப்பும்போது ரெஜிஸ்ட்ரி காலியாக நிற்கும்.

இதே சர்வரிலிருந்து ஓர் இமேஜை ரெஜிஸ்ட்ரிக்குத் தள்ளிப் பாருங்கள், ஏறிவிடும். பக்கத்துக் கணினியிலிருந்து தள்ள வேண்டுமானால் எச்டிடிபிஎஸ் வேண்டும். லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும்தான் டாக்கர் சலுகை காட்டும். பாதுகாப்பற்ற ரெஜிஸ்ட்ரி என்று ஒவ்வொரு கணினியிலும் விலக்கு எழுதி வைக்கும் குறுக்குவழி உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை இலவசமாக வாங்கிப் போடுங்கள்.

(திரையில்: ஓர் இமேஜின் அடுக்குகளான ஐந்து லேயர்கள் ஏறுகின்றன. நான்கு முடிந்துவிட்டன. ஐந்தாவது மீண்டும் மீண்டும் தொடங்குகிறது.)

இந்தக் காட்சியை முதலில் பார்த்தபோது ஒரு மாலை முழுவதும் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். சின்ன லேயர்கள் ஏறுகின்றன, பெரியது மட்டும் ஏறவில்லை. பதிவைத் திறந்தால் 413. என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேற்பட்ட கோரிக்கையை ஏற்காது. கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் என்ற அமைப்பை 0 ஆக்கினால் வரம்பு போய்விடும்.

கடவுச்சொல்லுக்கு, பயனர்களையும் அவர்கள் கடவுச்சொற்களையும் பட்டியலிடும் எச்டிபாஸ்வேர்ட் கோப்பு போதும். ஆனால் ரெஜிஸ்ட்ரி ஏற்பது பிகிரிப்ட் என்ற, கடவுச்சொல்லை மறைத்து எழுதும் முறையை மட்டும்தான். கோப்பை உருவாக்கும் கட்டளையில் பெரிய எழுத்து 'பி'யை மறந்தால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே விடாது.

இதுவரை அரை மணி நேர வேலை. தலைவலி மூன்று மாதம் கழித்து, வட்டு நிறையும்போது வரும்.

(திரையில்: வட்டு 96 சதவீதம். பழைய இமேஜ்களை அழித்த பிறகும் 96 சதவீதம்.)

முதலில், அழிக்கும் வசதியே இயல்பில் அணைக்கப்பட்டிருக்கிறது. கம்போஸ் கோப்பில் அதை இயக்கியிருக்க வேண்டும். இயக்கி அழித்தாலும் போவது மேனிஃபெஸ்ட் மட்டுமே. அதாவது 'இந்த இமேஜுக்கு இன்னின்ன லேயர்கள்' என்ற சீட்டைக் கிழிக்கிறோம், மூட்டைகள் கிடங்கிலேயே கிடக்கின்றன. காரணமில்லாமல் இல்லை. ஒரே அடிப்படை லேயரைப் பத்து இமேஜ்கள் பகிர்ந்துகொண்டிருக்கலாம்.

எந்தச் சீட்டிலும் பெயரில்லாத மூட்டைகளைக் கண்டுபிடித்து அகற்றும் வேலைக்குக் கார்பேஜ் கலெக்ட் என்ற கட்டளை இருக்கிறது. முதலில் டிரை ரன், அதாவது எதையும் அழிக்காத ஒத்திகை, போட்டு, எவை போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ரெஜிஸ்ட்ரியை வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றிவிட்டு ஓட்டுங்கள். ஓடும் நேரத்தில் யாராவது இமேஜ் தள்ளினால், சீட்டு இன்னும் எழுதப்படாத புது லேயரையும் குப்பை என்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஹார்பர் என்ற வேறொரு ரெஜிஸ்ட்ரி இதையெல்லாம் திரையிலேயே சொடுக்கிச் செய்ய விடுகிறது, பாதுகாப்பு ஓட்டைகளையும் தேடித் தருகிறது. நல்ல மென்பொருள். நான்கு பேர் குழுவுக்கு யானையைக் கட்டித் தீனி போடுவதாகிவிடும் என்பது என் கணக்கு.

(திரையில்: வட்டு 41 சதவீதம்.)

இடம் திரும்பிவிட்டது. உடனே எழுந்துவிடாதீர்கள். எந்த லேயர் இருக்கிறது என்பதை ரெஜிஸ்ட்ரி நினைவகத்திலும் குறித்து வைத்திருக்கலாம். அகற்றிய லேயரை மறுபடி தள்ளினால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லிவிட்டு, எடுக்கப் போகும்போது கைவிரிக்கும். வாசிப்புக்கு மட்டும் என்ற அமைப்பை நீக்கி, கண்டெய்னரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.