தொண்ணூறு ஓவருக்குக் கணக்குச் சொல்லுங்க, கேப்டன்

அவையில் இருக்கிற பெரியவர்களுக்கும், நாற்காலி கிடைக்காமல் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிற தம்பிமார்களுக்கும் வணக்கம்.

தாழையூத்து சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) பார்க்காதவர்கள் இந்தக் கூட்டத்தில் குறைவாகத்தான் இருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் மொத்தம் 20 ஓவர், ஒரு பவுலருக்கு 4 ஓவர். யாருக்கு எவ்வளவு என்பதை விதியே முடிவு செய்துவிடுகிறது. கேப்டன் தப்பான ஆளைக் கூப்பிட்டாலும் சேதம் நாலு ஓவரோடு நின்றுவிடும். ஐந்து நாள் ஆடுகிற டெஸ்டில் அந்த வேலி கிடையாது. ஒரே ஆளை ஒரு நாளில் முப்பது ஓவர் போடச் சொல்லலாம். தடுக்க விதி இல்லை, கேட்க ஆளும் இல்லை. ஆகவே டெஸ்ட் கேப்டன் என்பவர் முதலில் ஓவருக்குக் கணக்கு வைக்கிறவர். டாஸ் ஜெயிப்பது, எதிராளியை முறைப்பது, கைதட்டி உற்சாகப்படுத்துவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு நாளைக்கு 90 ஓவர். மணிக்கு 15, ஓவருக்கு நாலு நிமிஷம். வேகப்பந்து வீச்சாளர் ஒரு ஸ்பெல்லில், அதாவது ஒரே மூச்சில், ஐந்து ஓவர் போடுவார், மிஞ்சினால் ஆறு. நாள் முழுக்கச் சேர்த்து 16 ஓவர் போட்டாலே உடம்புக்கு அது நல்ல சுமை. மூன்று வேகங்கள், தலைக்கு 16 என்றால் 48. ஸ்பின்னர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு 30 போடுகிறார். ஆக 78. மீதி 12 ஓவர். டெஸ்ட் கேப்டனின் தலைவலி முழுக்க இந்தப் பன்னிரண்டில்தான் இருக்கிறது.

ஐந்தாவது பவுலர் இல்லை, அல்லது இருந்தும் கேப்டனுக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று வையுங்கள். அந்த 12 ஓவரும் இருப்பதிலேயே நல்ல பவுலரின் தலையில் விழும். சாயங்காலம் அவர் நாலாவது ஸ்பெல்லுக்கு வருவார். வேகம் குறையும், பந்து பாதியிலேயே குத்தும், பேட்ஸ்மேன் பின்கால் வைத்து நிதானமாக வெட்டுவார். அன்றைக்குப் போன ரன் பெரிதில்லை. மறுநாள் காலையில் பந்து புதிதாக இருக்கும்போது அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதுதான் நஷ்டம்.

2021 ஜனவரி, ஆஸ்திரேலியாவோடு ஆடிய பிரிஸ்பேன் டெஸ்டை இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். முதல் நாளே நவ்தீப் சைனி காயத்தோடு வெளியே போய்விட்டார். மிச்சம் சிராஜ், ஷர்துல், அறிமுக ஆட்டம் ஆடிய நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன், அறிமுக ஆட்டம் ஆடிய நம்ம வாஷிங்டன் சுந்தர். முதல் இன்னிங்ஸில் நடராஜன், ஷர்துல், வாஷிங்டன் மூன்று பேருக்கும் தலைக்கு மூன்று விக்கெட். கேப்டன் ரகானே யாரையும் ஒளித்துவைக்கவில்லை. புதுப்பையன் அடி வாங்குவான் என்று பயந்து சிராஜையே ஓட்டியிருந்தால், இரண்டாவது இன்னிங்ஸில் அவர் எடுத்த ஐந்து விக்கெட் வந்திருக்காது. 328 ரன் சேஸிங், பந்த் அடித்த 89 எல்லாம் ஊருக்கே தெரியும். அந்த 328, 400 ஆகாமல் போனதற்கு இந்த ஓவர்ப் பங்கீடும் ஒரு காரணம்.

அடுத்தது பந்து. இந்தியாவில் எஸ்.ஜி., இங்கிலாந்திலும் வெஸ்ட் இண்டீஸிலும் டியூக்ஸ், மற்ற பெரும்பாலான இடங்களில் கூக்கபுரா. டியூக்ஸிலும் எஸ்.ஜி.யிலும் தையல் முழுக்கக் கைத்தையல், விளிம்பு எடுப்பாக நிற்கும். கூக்கபுராவில் நடு வரிசைகள் மட்டும்தான் கைத்தையல், வெளி வரிசைகளை மெஷின் தைக்கும். சீக்கிரம் அமுங்கிப் போகும். எந்தப் பந்தானாலும் 80 ஓவர் முடிந்த பிறகுதான் புதுசு கேட்கலாம். ஐம்பதாவது ஓவரிலிருந்து எண்பதாவது ஓவர் வரைக்கும் பந்து செத்துக் கிடக்கிற நேரம். நல்ல கேப்டனைக் கண்டுபிடிக்கத் தோதான நேரமும் அதுதான். முதல் பத்து ஓவரில் மூன்று ஸ்லிப், ஒரு கல்லி வைக்க யாருக்கும் தெரியும்.

அந்த முப்பது ஓவரில் சுமாரான கேப்டன் செய்கிற முதல் காரியம், டீப் பாயின்டில், அதாவது ஆஃப் பக்க எல்லைக்கோட்டில், ஒருத்தரைக் கொண்டுபோய் நிறுத்துவது. நாலு ரன் போகாது, வாஸ்தவம். ஓவருக்கு ரெண்டு சிங்கிள் போகும். சிங்கிள் போனால் பவுலர் ஒரே பேட்ஸ்மேனுக்கு ஆறு பந்தையும் போட முடியாது. நாலு பந்தை வெளியே போட்டு ஐந்தாவதை உள்ளே கொண்டுவரும் வித்தை அத்தோடு போச்சு. வலங்கையும் இடங்கையும் ஆடுகிற ஜோடியாக இருந்தால் ஒவ்வொரு சிங்கிளுக்கும் ஃபீல்டு மாற வேண்டும். அதில் நேரமும் ஓடும்.

நல்ல கேப்டன் என்ன செய்வார் என்பதற்கு 2020 மெல்போர்ன். அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்டு, கோலியும் ஊருக்குத் திரும்பிவிட்ட நேரம். ரகானே முதல் நாள் முதல் செஷனிலேயே அஸ்வினைக் கொண்டுவந்தார். ஸ்டீவ் ஸ்மித் ஸ்டம்புப் பக்கம் நகர்ந்து கால் பக்கம் தட்டி ரன் சேர்க்கிறவர். அவருக்காக லெக் கல்லியில், அதாவது கால் பக்கம் பேட்ஸ்மேனுக்குப் பின்னால் கிட்டத்தில், புஜாரா. பந்து அங்கேயே போனது. ஸ்மித் பூஜ்யம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கால் பக்கத்தில் பாப்பிங் கிரீஸுக்கு (பேட்ஸ்மேன் நிற்கிற கோட்டுக்கு) பின்னால், விக்கெட் கீப்பரைச் சேர்க்காமல், இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. மூன்றாமவர் நின்றால் நோ பால். லெக் கல்லிக்கு ஓர் ஆளைக் கொடுத்துவிட்டால் எல்லைக்கோட்டைக் காக்க மிச்சம் ஒரே ஓர் ஆள்தான். ஆகவே அந்த ஃபீல்டை வைக்கிற கேப்டன் சில பவுண்டரிகளுக்கு முன்பணம் கட்டிவிட்டுத்தான் வைக்கிறார். நாலு போனதும் ஆளை எடுத்துவிடுகிறவர் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

பாலோ ஆன், அதாவது எதிரணியை உடனே மறுபடி பேட் பிடிக்கச் சொல்கிற விஷயத்துக்கு வருவோம். ஐந்து நாள் ஆட்டத்தில் 200 ரன் முன்னிலை இருந்தால் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. 2001 கொல்கத்தாவில் ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் வாவுக்கு 274 ரன் முன்னிலை. இந்தியாவை 171க்கு முடித்த கையோடு மறுபடி ஆடச் சொன்னார். அன்றைய நிலையில் அது கிறுக்குத்தனமும் இல்லை, தொடர்ந்து 16 டெஸ்ட் ஜெயித்து வந்த அணி. ஆனால் லட்சுமணன் 281, டிராவிட் 180, இருவரும் சேர்ந்து 376. அந்த இன்னிங்ஸ் 178 ஓவர் ஓடியது. கொல்கத்தா வெயிலில், நடுவில் தாங்கள் பேட் பிடித்து உட்காரும் ஓய்வுகூட இல்லாமல், அதே பவுலர்கள். ஷேன் வார்னுக்கு 152 ரன் கொடுத்து ஒரே விக்கெட். டெஸ்ட் வரலாற்றிலேயே பாலோ ஆன் வாங்கி ஜெயித்தது நாலே தடவை. கடைசியாக 2023 வெல்லிங்டன், நியூசிலாந்து ஒரு ரன்னில் ஜெயித்தது. நாலு தடவைதானே என்று தள்ளிவிட வேண்டாம். தோற்காமல் தப்பித்த ஆட்டங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. என் அளவுகோல் இதுதான்: முதல் இன்னிங்ஸ் 60 ஓவருக்குள் முடிந்து, பவுலர்கள் அந்த நாளில்தான் வேலை தொடங்கியிருந்தால் கொடுக்கலாம். 90 ஓவர் தாண்டியிருந்தால் முன்னிலை 300 ஆனாலும் தாங்களே இறங்கி இரண்டு செஷன் ஆடட்டும்.

அதே கொல்கத்தா ஆட்டத்தில் நம்ம கேப்டன் கங்குலியின் பங்கை மறந்துவிடுகிறோம். கடைசி நாள் தேநீருக்குப் பிறகு ஆஸ்திரேலியா 166க்கு 3. டிரா என்று பாதிப் பேர் டிவியை அணைத்திருப்பார்கள். ஹர்பஜன் ஒரு பக்கம், மறுபக்கம் யார்? டெண்டுல்கர். அந்த மீதிப் பன்னிரண்டு ஓவருக்கான ஆள்! எட்டு ரன்னுக்குள் ஐந்து விக்கெட் போனது. டெண்டுல்கர் கணக்கில் கில்கிறிஸ்ட், ஹேடன், வார்ன்.

டிக்ளேர் செய்வதும், அதாவது விக்கெட் மிச்சம் இருக்கும்போதே பேட்டிங் போதும் என்று முடிப்பதும், ஓவர்க் கணக்குதான். 2025 ஜூலையில் இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டனில் நம்ம கேப்டன் கில் டிக்ளேர் செய்யாமல் இழுத்தபோது “என்னவே, இன்னுமா அடிச்சிக்கிட்டு இருக்கான்?” என்று சலித்துக்கொள்ளாத டீக்கடை நம்ம ஊரில் இருந்திருக்காது. அவரே முதல் இன்னிங்ஸில் 269, இரண்டாவதில் 161. இலக்கு 608. சலிப்பு நியாயம்தான், ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தத் தொடரில் டியூக்ஸ் பந்து முப்பது ஓவருக்குள் மெத்தென்று ஆகிவிட்டது. ஆகவே விக்கெட் விழுவது புதுப்பந்தில்தான். சாயங்காலம் கொஞ்சம் ஓவர் மட்டும் வைத்து இறக்கினால், புதுப்பந்தோடு பவுலர்கள் முழு மூச்சில் ஓடலாம். ராத்திரி ஓய்வு. அன்று மாலையே 72க்கு 3. கடைசியில் 336 ரன் வெற்றி. மழை அரை நாள் தின்றிருந்தால் இதே கணக்கைத்தான் திட்டியிருப்போம். அந்த ஆபத்து எந்த டிக்ளேரிலும் உண்டு.

எதிர்த்திசையில் ஒரு டிக்ளேர், 1986 சேப்பாக்கம். ஆஸ்திரேலிய கேப்டன் ஆலன் பார்டர் கடைசி நாள் காலையில் நமக்கு 348 இலக்கு கொடுத்தார். 87 ஓவர், ஓவருக்குச் சரியாக நாலு. அந்தக் காலத்துக்குத் துணிச்சல். மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆனது 86.5வது ஓவரில். டை, இரண்டு பக்கமும் சம ரன். ஒரு பந்து மிச்சம். ஓவரை இவ்வளவு நுணுக்கமாக அளந்த டிக்ளேர் வேறு இல்லை என்றே சொல்வேன்.

அம்பயர் தீர்ப்பைத் திரையில் மறுபடி பார்க்கச் சொல்கிற ரிவியூ பற்றி ரெண்டே வார்த்தை. அது எண்ணிக் கொடுப்பது, தப்பாகக் கேட்டால் ஒன்று குறையும். 2019 ஹெடிங்லியில் கம்மின்ஸ் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியது கண்ணுக்கே தெரிந்தும் ஆஸ்திரேலிய கேப்டன் டிம் பெய்ன் பதற்றத்தில் ரிவியூ கேட்டுத் தொலைத்தார். அடுத்த ஓவரில் லயன் பந்தில் ஸ்டோக்ஸ் காலில் வாங்கினார். அம்பயர் கொடுக்கவில்லை, ஸ்டம்பில் படும் என்றது திரை. கையில் ரிவியூ இல்லை. இங்கிலாந்துக்கு அப்போது தேவை 2 ரன்.

இனி மண். இது நம்ம ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். கோவில்பட்டிக் கரிசல் நனைந்தால் காலைப் பிடிக்கும், காய்ந்தால் கை நுழைகிற வெடிப்பு விடும். களி அதிகம், இறுகப் பிடிக்கும். பிட்ச்சில் கருமண் போட்டால் பந்து தாழ்ந்து, மெதுவாக வரும். செம்மண்ணில் களி குறைவு. முதலில் நல்ல எழும்பல், வெயில் ஏறினால் மேல்தோல் உதிரும், ஸ்பின் கூர்மையாகும். தேரி மண் மாதிரி வெறும் மணலாக இருந்தால் உருண்டையே பிடிக்காது, அதில் பிட்ச் நிற்காது. சேப்பாக்கத்தில் இரண்டு வகைப் பிட்ச்சும் உண்டு. எதில் ஆடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அணியில் மூன்றாவது ஸ்பின்னரா மூன்றாவது வேகமா என்று முடிவாகும்.

என் குறை என்னவென்றால், சமீப வருஷங்களில் நம்ம அணி முதல் நாளிலிருந்தே உடைகிற பிட்ச் கேட்டது. உடைகிற பிட்ச்சில் சாதா ஸ்பின்னரும் பெரிய ஸ்பின்னரும் ஒன்றுதான். பந்தைக் காற்றில் ஏமாற்றவே வேண்டாம், குத்தினால் போதும், மண் பார்த்துக்கொள்ளும். 2024இல் புனேயில் சான்ட்னருக்கு 13 விக்கெட், மும்பையில் அஜாஸ் படேலுக்கு 11. நியூசிலாந்து 3-0. 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 124 எடுக்க முடியாமல் 93க்கு ஆல் அவுட், சைமன் ஹார்மருக்கு எட்டு விக்கெட். மூன்றாவது நாளே மூட்டை கட்டினார்கள். தான் வெட்டின குழி. அந்த ஆட்டத்தில் அரைசதம் அடித்தது அவர்கள் கேப்டன் பவுமா ஒருவர்தான், அதுவும் பந்து எழும்புமா தாழுமா என்று பார்த்துப் பொறுமையாக. அப்படிப்பட்ட ஆட்டம் ஐந்தாம் நாள் வரை போவதில்லை என்பதால் இதுவரை சொன்ன கணக்கு எதற்கும் அங்கே வேலை இல்லை. கேப்டனையே வேண்டாம் என்று வைக்கிற பிட்ச் அது.

கடைசியாக ஓவல், 2025 ஆகஸ்ட். இங்கிலாந்துக்கு 374 இலக்கு. ஐந்தாம் நாள் காலையில் வேண்டியது 35, கையில் நாலு விக்கெட். இன்னும் 3.4 ஓவரில் புதுப்பந்து கிடைக்கும். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தோம். கில் எடுக்கவில்லை. மேகமூட்டத்தில் பழைய பந்து ஆடிக்கொண்டிருந்தது. புதுப்பந்து கெட்டியானது, விளிம்பில் பட்டாலே எல்லைக்குப் பறக்கும். 35 ரன்னுக்கு எட்டுப் பத்து விளிம்பு போதும். 80 தாண்டியும் அதே பந்தோடு சிராஜும் பிரசித்தும் போட்டார்கள். 85.1வது ஓவரில் அட்கின்சன் போல்டு. ஆறு ரன் வெற்றி, தொடர் 2-2.

அதே கில், மூன்று வாரம் முன்பு லார்ட்ஸில் பும்ரா காலையில் மூன்று விக்கெட் எடுத்த பந்தை 10.3 ஓவரிலேயே மாற்றச் சொல்லிக் கேட்டார். அம்பயர் பந்தின் அளவு பார்க்கிற வளையத்தில் விட்டுப் பார்த்தார், நுழையவில்லை, மாற்றிக் கொடுத்தார். வந்த பந்து அசையவே இல்லை. 271க்கு 7 என்று கிடந்த இங்கிலாந்து 387 எடுத்தது. நாம் தோற்றது 22 ரன்னில்.

டெஸ்டைப் பற்றிக் கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம். ஐ.பி.எல். ஏலத்தைப் பற்றி என்றால், காபி குடித்துவிட்டு வெளியே வைத்துக்கொள்வோம்.