நோய் வராத வீட்டுக்குப் போன டாக்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

டைஃபாய்டு மேரி கதையை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். தனக்குக் காய்ச்சலே இல்லாமல், சமையல் வேலை பார்த்த பல வீடுகளில் டைஃபாய்டைப் பரப்பிய பெண். 1907இல் நியூயார்க்கில் அவரைப் பிடித்து ஆம்புலன்ஸில் ஏற்றி, திமிறியவரின் மேலேயே உட்கார்ந்து ஆஸ்பத்திரிவரை கொண்டுபோனவர் டாக்டர் சாரா ஜோசஃபின் பேக்கர். அவரைப் பற்றி எழுதும் எல்லோரும் இந்தக் காட்சியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியம் அதற்கு அடுத்த வருஷம்.

அந்தக் காலத்து நியூயார்க்கில் கோடை வந்தால் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கில் கொத்துக்கொத்தாகச் சாகும். கெட்டுப்போன பால், காற்று புகாத ஒண்டுக்குடித்தனம். நோய் முற்றிய பிறகு வைத்தியம் பார்த்துப் பயனில்லை என்பது பேக்கருக்கு அனுபவத்தில் தெரியும். சரி, நோய் வருமுன்பே போனால்? 1908 கோடையில் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தன. பள்ளி நர்ஸ்கள் முப்பது பேரை வாங்கிக்கொண்டார். கிழக்குப் பகுதியில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு வட்டாரம். பிறப்புப் பதிவில் பெயர் வந்த கையோடு நர்ஸ் அந்த வீட்டில் நிற்பார். தாய்ப்பாலே கொடு, தினமும் குளிப்பாட்டு, ஜன்னலைத் திற, துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டாதே. நம் வீட்டுப் பாட்டி சொல்வது போலத்தான் இருக்கிறது, இல்லையா? கோடை முடிந்து கணக்குப் பார்த்தால், முந்தின கோடையைவிட அங்கே 1,200 சாவுகள் குறைவு.

அதே ஆண்டு குழந்தை நலத்துக்கென்று நகராட்சியில் தனித் துறையே பிறந்தது, தலைவர் பேக்கர். அப்புறம் கண் மருந்து. பிறந்த குழந்தைக்குப் பார்வை போகாமலிருக்க அந்நாளில் விட்ட சில்வர் நைட்ரேட், பாட்டிலில் நாள்பட்டால் காரமேறிக் கண்ணையே கெடுக்கும். தேன்மெழுகில் சின்னக் குப்பி செய்யவைத்தார், ஒரு கண்ணுக்கு ஒன்று. குப்பிக்குள் மருந்து கெடாது, அளவும் தப்பாது.

இதெல்லாம் எல்லோருக்கும் பிடித்ததா என்றால், இல்லை. புரூக்ளின் டாக்டர்கள் முப்பது பேருக்குமேல் கையெழுத்திட்டு மேயருக்கு மனுப் போட்டார்கள். குழந்தைகளை நோயில்லாமல் வைத்து எங்கள் தொழிலைக் கெடுக்கிறார்கள், துறையை மூடுங்கள் என்று. பேக்கர் அதைப் படித்துவிட்டு, ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.