கற்பூரவள்ளி: கிருமியை அடக்குவது எது, ஒரு டம்ளரில் அது எவ்வளவு?

[காட்சி: தொட்டிச் செடி. விரல்கள் ஓர் இலையைக் கசக்குகின்றன.]

பேரில் கற்பூரம். கசக்கி முகர்ந்தால் வருவதோ ஓம வாசனை. ஓமவல்லி என்ற மறுபெயர்தான் வேதியியலுக்குப் பொருத்தம். தாவரவியலில் இது கோலியஸ் அம்பாய்னிகஸ். துளசி, புதினாவின் குடும்பம். வாழையிலும் ஒரு கற்பூரவள்ளி உண்டு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

[காட்சி: நுண்ணோக்கியில் இலையின் மேல்தோல்.]

இலை வெல்வெட் மாதிரி இருப்பதற்குக் காரணம் இந்த ரோமங்கள். நுனியில் குமிழோடு நிற்பவை சுரப்பி ரோமங்கள். எண்ணெய் இருப்பது அங்கேதான். விரல் பட்டாலே உடையும். இலையை மூட்டையாக அமுக்கிக் கட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால், காய்ச்சி வடிக்கும் முன்பே எண்ணெய் குறையத் தொடங்கியிருக்கும். வெயிலில் காயவைப்பதும் தவறு. நிழலில் போட்டாலும் சதைப்பற்றுள்ள இந்த இலை சட்டென்று காயாது, கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். அன்று பறித்த பச்சிலைதான் நல்லது.

[காட்சி: கிளெவெஞ்சர் கருவி. நீராவி மேலேறிக் குளிர்ந்து, அளவுக் குழாயில் மஞ்சள் படலமாகச் சேர்கிறது.]

நறுக்கிய இலையைத் தண்ணீரோடு மூன்று மணி நேரம் காய்ச்சி வடிக்கிறோம். ஒரு கிலோ இலைக்கு ஒரு மில்லி எண்ணெய் கிடைத்தாலே பெரிது. மீதி பெரும்பாலும் தண்ணீர். எண்ணெயில் ஒட்டிய ஈரத்தை நீரற்ற சோடியம் சல்பேட் போட்டு எடுத்துவிட்டு, பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் 4 டிகிரியில் வைக்கவேண்டும்.

[காட்சி: இரண்டு மூலக்கூறு வரைபடங்கள், பக்கத்தில் பக்கம்.]

இதில் முக்கியமானவை கார்வக்ரால், தைமால். இரண்டுக்கும் ஒரே வாய்பாடு: சி10 எச்14 ஓ. கார்பன் வளையத்தில் ஹைட்ராக்சில், அதாவது ஓஎச் தொகுதி, உட்காரும் இடம் மட்டும் வேறு. அந்த இடமாற்றத்தால் தைமால் சுமார் 50 டிகிரியில் உருகும் படிகம், கார்வக்ராலோ அறை வெப்பத்தில் திரவம். சில ஊர்ச் செடிகளில் கார்வக்ரால் ஓங்கியிருக்கும், சிலவற்றில் தைமால். அதனால் எண்ணெயின் சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பில் அளந்து பார்க்காமல் "கற்பூரவள்ளி எண்ணெய்" என்று மட்டும் எழுதும் ஆய்வுக்கு மதிப்பு குறைவு. கூடவே பாரா-சைமீன், காமா-டெர்பினீன், கேரியோஃபிலீன் வரும். இலையிலுள்ள ரோஸ்மாரினிக் அமிலம் ஆவியாகாது. அது கஷாயத்தின் பக்கம் நிற்கும்.

[காட்சி: அனிமேஷன். பாக்டீரியாவின் சவ்வு, பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன.]

கார்வக்ரால் கொழுப்பை நாடும் பொருள். பாக்டீரியாவின் சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்துகிறது. பொட்டாசியம் கசிகிறது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி இறங்குகிறது. இங்கே ஹைட்ராக்சில்தான் கதாநாயகன். பாரா-சைமீனுக்கும் கிட்டத்தட்ட அதே உடம்பு, ஹைட்ராக்சில் மட்டும் இல்லை. தனியாக விட்டால் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பெரும்பாலும் அடங்கும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அவ்வளவாக அசையாது: வெளிச்சவ்வு ஒரு தடுப்பு, தப்பி உள்ளே வந்ததையும் வெளியே இறைக்கும் பம்புகள் வேறு.

[காட்சி: முல்லர்-ஹிண்டன் அகார் தட்டு. கிணறுகளைச் சுற்றித் தெளிந்த வட்டங்கள்.]

கிருமி பூசிய அகார் கூழில் கிணறு வெட்டி எண்ணெயை விடுகிறோம். கிருமி வளராத இடம் தெளிந்த வட்டமாகத் தெரியும். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அகார் 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்கவேண்டும். கூடினால் வட்டம் சுருங்கும். கிருமிக் கலங்கலின் அடர்த்தி, அதற்கான மெக்ஃபார்லண்ட் அளவுகோலில் 0.5. இதெல்லாம் சரியாக இருந்தாலும் எண்ணெய் தண்ணீரில் கரையத் தயங்கும் பொருள், அகாரில் நன்றாகப் பரவாது. வட்டம் சிறிதாக இருப்பதால் மருந்து பலவீனம் என்று சொல்லிவிட முடியாது. கரைப்பான் டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட கிணறு அதே தட்டில் இருந்தே ஆகவேண்டும். அதைச் சுற்றியும் வட்டம் வந்தால் உங்கள் முடிவு குப்பைக்கு. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் வட்டத்தோடு மில்லிமீட்டர் போட்டி வைப்பதும் வீண்; இரண்டும் பரவும் விதமே வேறு.

[காட்சி: 96 குழித் தட்டு. நீலமும் இளஞ்சிவப்பும்.]

நம்பவேண்டியது எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு. குழிக்குக் குழி பாதியாக நீர்த்து, மில்லிக்கு 5 லட்சம் செல் என்ற கணக்கில் கிருமி விடுகிறோம். எண்ணெய் தானே கலங்கலாகத் தெரியும் என்பதால் கண்ணை நம்பாமல் ரெசாசுரின் என்ற சாயம் சேர்க்கிறோம். நீலம் நின்றால் வளர்ச்சி இல்லை, இளஞ்சிவப்பானால் கிருமி உயிரோடிருக்கிறது. தட்டை நன்றாக ஒட்டி மூடுங்கள். இல்லையென்றால் ஆவி பக்கத்துக் குழிக்குப் போய், மருந்தே விடாத குழியிலும் வளர்ச்சியைத் தடுக்கும்.

[காட்சி: அடுப்பில் பாத்திரம், பக்கத்தில் ஐந்து இலைகள், ஒரு டம்ளர்.]

ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு கார்வக்ராலின் எம்ஐசி பொதுவாக மில்லிக்குச் சில நூறு மைக்ரோகிராம். மருந்துக்குக் கட்டுப்படும் வகைக்கு ஜென்டாமைசினில் ஒரு மைக்ரோகிராமே போதும். இப்போது கஷாயத்துக்கு வருவோம். ஐந்து இலை சுமார் 10 கிராம் என்று வையுங்கள். அதில் எண்ணெய் அதிகம் போனால் 10 மில்லிகிராம், பாதி கார்வக்ரால் என்றால் 5 மில்லிகிராம். 100 மில்லி டம்ளரில் முழுதும் கரைந்தாலும் மில்லிக்கு 50 மைக்ரோகிராம்தான். திறந்த பாத்திரத்தில் பாதியாகச் சுண்டவைத்தால் அதுவும் கூரைக்குப் போய்விடும். அடுக்களை மணப்பது அதனால்தான். கொதித்த தண்ணீரை இறக்கி, இலையைக் கிள்ளிப் போட்டு, பத்து நிமிடம் மூடி வைத்தால் கொஞ்சமாவது மிஞ்சும்.

தொண்டைக்கு இதமாக அதைக் குடிக்கலாம். நிமோனியாவுக்கோ சீழ்ப்புண்ணுக்கோ மருத்துவர் எழுதிய ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக அல்ல. வடித்தெடுத்த எண்ணெயை அப்படியே தோலில் தடவவும் கூடாது. சவ்வைத் தளர்த்தும் பொருளுக்கு அது பாக்டீரியாவின் சவ்வா, குழந்தையின் கன்னமா என்று பார்க்கத் தெரியாது.